எழுதின கையை ஒடிப்பேன் என்றவர்களுக்கு

நீங்கள் ஒடிப்பதாகச் சொன்ன கையால்தான் இதை எழுதுகிறேன். ஒருவரா இருவரா சொன்னீர்கள்? சித்தப்பா எங்கள் வாசலில் நின்று சத்தம் போட்டுச் சொன்னார். தெருப் பெரியவர்கள் அவருக்குப் பின்னால் நின்று தலையாட்டினார்கள். மனுவைக் கையில் வாங்கிய அதிகாரி அதைப் படிக்கும் முன்பே, "இதை எழுதினது யாரு?" என்று கேட்டார். அடித்தவனைப் பார்த்து "ஏன்டா அடிச்சே?" என்று கேட்க அன்றைக்கு ராஜபாளையத்தில் ஒரு வாய் இல்லை. எழுதினவள் யார் என்பதுதான் எல்லாருக்கும் வேண்டியிருந்தது. எழுதினவள் எட்டாங்கிளாஸ் பிள்ளை.

எங்கள் தெருவின் பெயரைச் சொல்ல மாட்டேன். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். சாதி தெரிந்துவிட்டால், மீதிக் கதையை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குள்ளேயே முடிவு கட்டிவிடுவீர்கள். ஸ்டேஷனிலும் முதல் கேள்வி அதுதான்: "எந்தத் தெரு?"

அம்மா பேண்டேஜ் துணி சுருட்டும் வேலை பார்த்தாள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற கட்டுத்துணிதான் நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது என்று ஊரில் பெருமையாகச் சொல்லுவார்கள். வீடு பூராவும் வெள்ளைத் துணி குவிந்து கிடக்கும். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, வெட்டின துணியைத் தொடைமேல் வைத்து இறுக்கி உருட்டுவாள். எண்ணிக் கொடுத்த துணி, எண்ணித் திருப்பித் தர வேண்டும். ஒரு சுருள் குறைந்தாலும் கூலியில் பிடித்துவிடுவார்கள். அப்பா குடித்துவிட்டு வந்து தள்ளியதில் அம்மிக்கல்லில் மோதி அம்மாவுக்கு நெற்றி கிழிந்தது. சுற்றிலும் கட்டுத்துணிக் குவியல் இருக்க, அவள் பழைய சேலையைக் கிழித்துத்தான் கட்டிக்கொண்டாள். ரத்தம் பட்டுத் துணி வீணாகிவிடக் கூடாது என்று குவியலை ஒரு கையால் ஒதுக்கி வைத்தாளே, அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான்.

தெருவில் தமிழைத் தடங்கலில்லாமல் எழுதத் தெரிந்த பொம்பளைப்பிள்ளை நான் ஒருத்திதான். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் போனால் காசும் கேட்பார், எல்லாவற்றையும் ஒரு ஆம்பளையிடம் சொல்லவும் வேண்டும். அதனால் பொழுது சாய்ந்ததும் பெட்டிக்கடையில் முழு வெள்ளைத்தாள் ஒன்று வாங்கிக்கொண்டு பெண்கள் என்னிடம் வருவார்கள். "தாயி, ஒரு மனு எழுதிக் குடு." முதியோர் பணம் நின்றுபோன பாட்டி வருவாள், ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போனவள் வருவாள். பிறகு மற்றவர்கள் வருவார்கள், கதவைச் சாத்திவிட்டுப் பேச வேண்டியவர்கள். பெரியவர்கள் பேசும் இடத்தில் நின்றால் "சின்னப்பிள்ளைக்கு இங்க என்ன சோலி?" என்று விரட்டுகிற அதே பெண்கள், மனு என்றால் என்னை எதிரில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார்கள். எங்கே அடித்தான், எதால் அடித்தான், ராத்திரியில் என்ன செய்தான். பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தவிர அதைக் கேட்க அந்த ஊரில் வேறு ஆள் இல்லாமல் போனது யார் குற்றம்?

சித்தி வந்தபோது அவளால் உட்கார முடியவில்லை. சுவரில் சாய்ந்து நின்றே சொன்னாள். "அஞ்சு மாசம்டி. வயித்துல மிதிச்சான். கட்டில்காலைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன், அப்பவும் விடல." அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். தேதி போட்டேன், மிதித்தவன் பெயரைப் போட்டேன். கீழே அவள் கைரேகை.

ஸ்டேஷனில் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு வேறு தாள் எடுத்தார்கள். கணவன் மனைவிக்குள் வாய்த்தகராறு, இனி இருவரும் சமாதானமாக வாழ்வதாக ஒப்புக்கொள்கிறார்கள் என்று எழுதி, சித்தியின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி எடுத்தார்கள். அவளுக்கு வாசித்துக் காட்டக்கூட இல்லை. நான் எழுதின மனுவை மட்டும் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினார்கள்! கணவன் செய்யும் கொடுமை குற்றம் என்று 498-ஏ பிரிவு 1983-லேயே வந்தாயிற்று. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்து நாட்டுக்கே வழிகாட்டியதாகவும் சொல்லிக்கொண்டார்கள். இதெல்லாம் நடந்து முடிந்து சில வருஷம் கழித்துத்தான் சித்தி எங்கள் ஊர் ஸ்டேஷனில் போய் நின்றாள்.

அன்று சாயங்காலமே சித்தப்பா எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். "எழுதுன கையை ஒடிச்சுப்புடுவேன்."

சித்தி அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. தீராத வயிற்றுவலியால் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டாள் என்று எழுதிக் கேஸை முடித்தார்கள். பத்திரிகை வாசிக்கிறவர்களே, எத்தனை வருஷமாக இந்த வரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள்? தமிழ்நாட்டுப் பெண்களுக்கு மட்டும் ஏன் இத்தனை வயிற்றுவலி என்று ஒருநாளாவது நின்று யோசித்தீர்களா? எங்கள் சித்திக்கு வயிற்றுவலி இருந்தது உண்மை. அந்த வயிற்றில் மிதித்தவன் பெயர் என் மனுவில் இருந்தது. அந்தத் தாள் எங்கே போயிற்று?

என் படிப்பு அத்தோடு நின்றது. "நாலெழுத்து படிச்சதுனாலதான் இம்புட்டும்" என்றார் அப்பா. பிறகு ஒரு தரகர் வந்தார். மூன்று வருஷம் பஞ்சாலையில் வேலை, தங்குமிடம் சாப்பாடு அவர்களுடையது, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்றார். இதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கோவை, திருப்பூர், திண்டுக்கல், விருதுநகர் என்று பல மாவட்டங்களின் நூற்பாலைகள் இப்படித்தான் ஓடின. கம்மாய் காய்ந்த ஊர்ப் பெண்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். உள்ளே போனால் வெளியே வர அனுமதி வேண்டும், போன் பேசினால் பக்கத்தில் ஒருத்தி நிற்பாள், கடுதாசியைப் பிரித்துப் பார்த்துத்தான் தருவார்கள். ராத்திரி ஷிப்டில் மெஷின் சைடு பார்க்கும்போது தூக்கத்தில் தறிகெட்டு நடக்கிற பிள்ளைகளை இருமல் எழுப்பும். மூன்று வருஷம் முடிய சில வாரம் இருக்கும்போது ஏதாவது குற்றம் சொல்லி அனுப்பிவிட்டால் மொத்தப் பணமும் போச்சு. அப்படிப் போனவர்களில் நானும் ஒருத்தி. அங்கேயும் நான் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக்கு எழுதத் தெரியாத பிள்ளைகளுக்கு, பஞ்சு ஒட்டின விரலால்.

திரும்பி வந்து தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினேன். அந்த நாளில்தான் பாமாவின் 'கருக்கு' கைக்குக் கிடைத்தது. 1992-இல் வந்த புத்தகம். வத்திராயிருப்பு பக்கத்துப் புதுப்பட்டிக்காரர் என்று தெரிந்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் வடக்கே மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். புத்தகத்தில், தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல், கட்டின நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்துச் சின்னப்பிள்ளை பாமா முதலில் சிரித்தது. அது தீட்டுக்காக என்று தெரிந்தபின் அந்தச் சிரிப்பு செத்துப்போனது. அதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே, எங்கள் மாதிரித் தெருவிலிருந்து ஒருத்தி எழுதியிருக்கிறாள்; அது அச்சில் வந்திருக்கிறது! இரண்டு வருஷத்தில் 'சங்கதி' எழுதினார், முழுக்க முழுக்கப் பெண்களின் பாடு.

அவருக்கு என்ன கிடைத்தது? ஊரைக் கேவலப்படுத்திவிட்டாள் என்று சொந்த ஊரே கோபப்பட்டது, சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. அந்த மக்கள் பின்னால் வாசித்துப் புரிந்துகொண்டார்கள், அவரை ஏற்றுக்கொண்டார்கள். படிக்காத சனத்துக்கு இருந்த அந்த மனசு பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு இல்லை. 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து 'சங்கதி'யை நீக்கியது. கூடவே சுகிர்தராணியின் கவிதைகளையும் மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' கதையையும் எடுத்தார்கள். கல்விக் குழு உறுப்பினர்கள் பதினைந்து பேர் எதிர்த்து எழுதிக்கொடுத்தும் கேட்கவில்லை. எங்கள் தெரு வாசலில் கேட்ட குரல்தான் டெல்லியிலும் கேட்டது. கொஞ்சம் நாகரிகமாக, தீர்மானமாக நிறைவேற்றி.

எழுதின பெண் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆடிப்பூரத் தேருக்கு அம்மா இடுப்பில் என்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள், இன்றும் போகிறேன். அவள் எங்கள் தாய். பன்னிரு ஆழ்வாரில் ஒரே பெண். திருப்பாவை முப்பது, நாச்சியார் திருமொழி நூற்று நாற்பத்து மூன்று. தன் உடம்பைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் யாரோடு வாழ்வேன் என்பதைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதினாள். பெருமாளுக்குக் கட்டின மாலையைச் சூடிப் பார்த்ததற்குப் பெரியாழ்வார் கடிந்துகொண்டதாகக் கதை உண்டு. கையை ஒடித்ததாக இல்லை. 2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிப் பேசிய பேச்சுக்கு எவ்வளவு பெரிய கொந்தளிப்பு! ஆர்ப்பாட்டம், உண்ணாவிரதம், வழக்கு. உங்கள் மனசு புண்பட்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறேன், எங்கள் சித்திக்காக ஏன் ஒருவரும் தெருவுக்கு வரவில்லை? பிடித்தவனுக்கு ஒரு கடுதாசி எழுதினாள் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி, ஒரே மாதத்தில் கட்டிக்கொடுக்கிறீர்களே, அந்தப் பிள்ளைகளுக்கு யார் உண்ணாவிரதம் இருந்தது?

ஆண்டாள் கோயில் கோபுரம்தான் தமிழ்நாடு அரசின் முத்திரை. பதினோரு நிலை. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது என்று எங்கள் பெண்களுக்கு வருகிற ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் அந்தக் கோபுரம் நிற்கிறது.

இப்போது எனக்கு அதுதான் வேலை, பெண்களுக்கு மனு எழுதுவதும் கோர்ட்டுக்குக் கூடப் போவதும். விருதுநகர் மாவட்டத்துக்கு மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது, மகளிர் நீதிமன்றமும் அங்கேதான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் கடன் வாங்கி, இடுப்பில் பிள்ளையோடு வந்து நிற்பவளுக்கு அடுத்த மாதம் வாய்தா. அதற்கடுத்த மாதம் இன்னொன்று. மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்த அருப்புக்கோட்டைக் கல்லூரி வழக்கு நினைவிருக்கும். 2018-இல் பேராசிரியையின் பேச்சு ஒலிப்பதிவாக ஊர் ஊராகக் கேட்டது. அப்படி ஆதாரம் இருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரில் தீர்ப்பு வர 2024 ஏப்ரல் ஆயிற்று. ஒலிப்பதிவு இல்லாதவள், சாட்சி சொல்ல அண்டைவீடு வராதவள் எத்தனை வருஷம் நடப்பாள்?

ஸ்டேஷன் ரைட்டர்களே, உங்களிடம் கேட்பது தயவு இல்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றத்தைப் பற்றி ஒருத்தி வாயால் சொன்னால் அதை எழுதிக்கொள்ள வேண்டும், அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், பிறகுதான் கையெழுத்து, நகல் இலவசம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 154, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 173. சித்தி காலத்திலும் சட்டம் இதுதான்.

என் தெருப் பெண்களே, எல்லாத் தெருப் பெண்களே, வெற்றுத்தாளில் ரேகை வைக்காதீர்கள். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், நகலைக் கையில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்று திரும்பிப் போகாதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண்ணுக்குச் சட்ட உதவி இலவசம். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போன் என்றால் 15100, ஆபத்து என்றால் 181. எழுத ஆள் இல்லையென்றால் என்னிடம் வாருங்கள். வெள்ளைத்தாள்கூட வாங்கி வர வேண்டாம்.