விளக்கும் வழியும் நியாயமும் சலுகை அல்ல!

வேலை முடிந்து இரவு பத்து மணிக்குமேல் ரயிலை விட்டு இறங்கி வரும் நம் பெண்கள், பெரிய சாலை முடிகிற இடத்தில் ஒரு கணம் தயங்கி நிற்கிறார்கள். சாலையிலே விளக்கு எரிகிறது, சந்துக்குள்ளே கும்மிருட்டு. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டிய சந்து. நடுவிலே மூடியில்லாத சாக்கடை. வீடு சேர்ந்த பிறகும் பொதுக் கழிப்பிடத்துக்குப் போக அதே இருட்டிலே இன்னொரு நடை. மும்பையின் குடிசைப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதை நாம் விவரித்துச் சொல்லவேண்டிய தேவையில்லை.

சட்டம் இல்லாமலா இந்த இருட்டு? 1888ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டமே பொதுத் தெருக்களுக்கு விளக்கு அமைப்பதை மாநகராட்சியின் கட்டாயக் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. 1992இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம், உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பொறுப்புகளைப் பட்டியலிட்டது. சாலை, தெருவிளக்கு, பொதுக் கழிப்பிடம், குடிசைப் பகுதி மேம்பாடு எல்லாம் அதில் உண்டு. 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைய வேண்டும் என்றும் அது சொல்கிறது. கடமை ஏட்டிலே இருக்க, இருட்டு மட்டும் நம் சந்திலே இருப்பானேன்?

சூட்சுமம் 'பொதுத் தெரு' என்ற சொல்லிலே இருக்கிறது. நாம் நடக்கும் சந்து பொதுத் தெருவா, யாருடைய நிலம் என்ற கேள்வி எழுந்தவுடன் ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைக் கை காட்டுகிறது. மாநகராட்சி நிலம், மாநில அரசு நிலம், ரயில்வே நிலம், தனியார் நிலம் என்று நம் காலடி மண்ணுக்கு நான்கு பெயர். வரும் பதில் மட்டும் ஒன்றே: இல்லை! இதோடு புதிதாக ஒரு சாக்கும் சேர்ந்துவிட்டது. "சீரமைப்புத் திட்டம் வரப்போகிறது, இடிபடப்போகிற இடத்துக்கு ஏன் செலவு?" என்கிறார்கள். நாளை புதுவீடு கட்டப்போகிறோம் என்பதற்காக இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு யாராவது உட்கார்ந்திருப்பார்களா? திட்டம் வரும்வரை நம் பிள்ளைகள் நடக்க வேண்டாமா?

கேட்பதற்கு ஆளில்லாத காலமும் இருந்தது. 2022 மார்ச்சில் மும்பை மாநகராட்சியின் பதவிக்காலம் முடிந்தது. 2026 ஜனவரியில்தான் அடுத்த தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ 4 ஆண்டுகள் மக்கள் பிரதிநிதிகள் இல்லாத அதிகாரி ஆட்சி. இப்போது 227 உறுப்பினர் இருக்கைகள் நிரம்பியிருக்கின்றன; அவற்றில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. வாக்குக் கேட்க நம் சந்துக்குள் வழி தெரிந்து வந்தவர்கள், விளக்குப் போடவும் அதே வழியில் வரட்டும்.

இருட்டும் நெருக்கடியும் இருக்கிற இடத்தில் சச்சரவும் இருக்கும். ஒருவர் வாசற்படியை அரையடி நீட்டுகிறார். இன்னொருவர் கூரைத் தண்ணீர் அடுத்த வீட்டுச் சுவரில் இறங்குகிறது. குழாயடியில் குடம் முந்துகிறது. அற்ப விஷயம்தான். ஆனால் போலீஸ் நிலையத்துக்குப் போனால் மொழி தடுக்கிறது. ஒருநாள் கூலி போகிறது. பேட்டைத் தாதாவிடம் போனாலோ, வழக்கு தீராமல் இருப்பதே அவருக்கு வருமானம்!

இதற்கு வழிகாட்டியவர் நம்மவரே. கோலார் தங்கவயலில் பிறந்து 1960களில் மும்பைக்கு வந்தவர் ஜோக்கின் அற்புதம். மான்குர்து ஜனதா காலனியில் அள்ளப்படாத குப்பையை மக்களைத் திரட்டி அள்ளிச்சென்று மாநகராட்சி அலுவலகத்தின் முன்னால் கொட்டியவர். 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அந்தக் காலனியே இடிக்கப்பட்டு மக்கள் சீட்டா கேம்ப்புக்கு விரட்டப்பட்டனர், அவர் ஓயவில்லை. பின்னாளில், போலீஸ் ஆணையராக இருந்த ஏ.என்.ராயோடு சேர்ந்து, முதலில் புனேயிலும் 2004 முதல் மும்பையிலும் குடிசைப் பகுதிப் போலீஸ் பஞ்சாயத்துகளை உருவாக்கினார். 7 பெண்கள், 3 ஆண்கள், ஒரு போலீஸ் அதிகாரி கொண்ட அமைப்பு. சின்னத் தகராறுகளைச் சந்திலேயே, எல்லார் முன்னிலையிலும், காசில்லாமல் பேசித் தீர்ப்பதே அதன் வேலை. 2018இல் அவர் மறைந்தார்; அவர் காட்டிய வழி மறையலாகாது.

ஓர் எச்சரிக்கை. நாம் கேட்பது சாதிப் பஞ்சாயத்தை அல்ல. ஊர்விலக்கு செய்வோரைத் தண்டிக்க மகாராஷ்டிரம் 2016இல் தனிச்சட்டமே இயற்றியிருக்கிறது. பெண்ணை அடித்ததையும் குழந்தைக்குத் தீங்கு செய்ததையும் "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று எந்தப் பஞ்சாயத்தும் மூடி மறைக்கக் கூடாது. அது சட்டத்தின் முன் போகவேண்டிய குற்றம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணி ஆணையங்கள் சட்டப்படி, பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வழக்கறிஞர் உதவி இலவசம். இதை நம் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே நாம் செய்யவேண்டியது என்ன? இந்த மாதமே ஒவ்வொரு சந்திலும் கூடுவோம். விளக்கில்லாத இடம், மூடியில்லாத சாக்கடை, உடைந்த பாதை ஆகியவற்றை எண்ணி எழுதுவோம். மனுவை மராத்தியிலே எழுதுவோம். மராத்தியரும் முஸ்லிம்களும் வடநாட்டுத் தொழிலாளரும் நம்மோடு கையெழுத்திடட்டும். இருட்டு மொழி பார்த்து விழுவதில்லை. மனுவின் நகலில் முத்திரை வாங்கிப் பத்திரப்படுத்துவோம். பதில் வராவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டிக் கேட்போம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வார்டுக் குழுவில் நம் சந்தின் பெயர் பேசப்பட்டதா என்று உறுப்பினரை மாதந்தோறும் விசாரிப்போம்.

இந்த நகரத்தின் சாலைகளைப் போட்டதில் நம் கைகளும் உண்டு. நம் வாசலுக்கு ஒரு விளக்கைக் கேட்பது பிச்சையல்ல. கூடிக் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!