வந்தது எத்தனை? பதிந்தது எத்தனை?

இங்கிலாந்தில் 2020-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு செய்தி வெளியாகி, மக்களைத் திடுக்கிட வைத்தது. 15 ஆயிரத்து 841 கொரோனா நோயாளிகள் கணக்கில் விடுபட்டுப் போனார்கள்!

செப்டம்பர் 25-ந் தேதி முதல் அக்டோபர் 2-ந் தேதி வரை நடந்த விபரீதம் இது. பரிசோதனை நிலையங்கள் முடிவுகளை அனுப்பிவிட்டன. நோயாளிகளுக்கும் முடிவு சொல்லப்பட்டது. ஆனால், அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களைத் தேடி எச்சரிக்க வேண்டிய ஊழியர்களிடம் அந்தப் பெயர்கள் உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. எச்சரிக்கை கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள்? வழக்கம்போல் வேலைக்குப் போவார்கள். வயதான பெற்றோரைப் பார்க்கப் போவார்கள். நோயும் கூடவே போகும்!

காரணம் என்ன? ஒரு கணக்குப் புத்தகம்! காகிதப் புத்தகம் அல்ல. கம்ப்யூட்டரில் உள்ள 'எக்செல்' புத்தகம்.

பழைய முறை எக்செல் தாள் ஒன்றில் 65 ஆயிரத்து 536 வரிகள்தான் உண்டு. புதிய முறையில் 10 லட்சத்து 48 ஆயிரத்து 576 வரிகள் உண்டு. அங்கே பயன்படுத்தியது பழைய முறை. ஒரு நோயாளிக்கே பல வரிகள் தேவைப்பட்டன. தாள் நிறைந்தது. மிச்சப் பெயர்கள் உதிர்ந்து போயின. ஒரு வார காலம் அது யாருக்கும் தெரியவில்லை!

எந்திரக் குமாஸ்தா

இத்தகைய புத்தகங்களை மனிதர்கள் மட்டும் படிப்பதில்லை. புரோகிராம்களும் படிக்கின்றன. அதற்கென்று ஆயத்தமாக எழுதி வைத்த துணைப் புரோகிராம்கள் இருக்கின்றன. அவற்றுக்கு 'லைப்ரரி' என்று பெயர். பைத்தான் மொழிக்கு 'ஓபன்பைஎக்ஸ்எல்'. ஜாவா மொழிக்கு 'அப்பாச்சி பி.ஓ.ஐ.' புத்தகத்தைத் திறந்து, தாள் தாளாக, கட்டம் கட்டமாக எடுத்துக் கொடுப்பது இவற்றின் வேலை. ஒரு நாள் வேலை சில நொடிகளில் முடிந்துவிடும்.

இந்தக் குமாஸ்தா சுறுசுறுப்பானவர்தான். ஆனால், கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்!

திரையில் தேதியாகத் தெரிவது, புத்தகத்தின் உள்ளே வெறும் எண். 1900-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிக்கு எண் 1. சில புத்தகங்களோ 1904-ம் ஆண்டில் இருந்து எண்ணுகின்றன. இரண்டுக்கும் வித்தியாசம் 1,462 நாட்கள். இதைக் கவனிக்காத புரோகிராம், ஒரு குழந்தையின் வயதில் நாலு வருஷத்தை மாற்றிவிடும்!

மொத்தத் தொகையும் அப்படித்தான். 'ஓபன்பைஎக்ஸ்எல்' தானாகக் கூட்டிப் பார்ப்பது இல்லை. கூட்டச் சொல்லும் சூத்திரத்தைத் தரும். இல்லாவிட்டால், முன்பு கூட்டிச் சேமித்து வைத்த விடையைத் தரும். யாரும் கூட்டி வைக்காத புத்தகம் என்றால், அந்த இடம் காலி!

பழி யார் மீது?

"எல்லாம் கம்ப்யூட்டர் செய்த கோளாறு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது எளிது. அது நியாயம் அல்ல. எண்ணிப் பார்க்கும்படி அதற்கு யாரும் கட்டளை இடவில்லை. அதுதான் குற்றம்.

"ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு இருந்தால் எந்திரம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். எண்ண வேண்டியது மனிதர் அல்ல; எந்திரமே எண்ணும்! வந்த வரிகள் எத்தனை, பதிந்த வரிகள் எத்தனை என்று ஒப்பிடச் சொன்னால் போதும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வேலையை நிறுத்திவிட்டுக் குரல் கொடுக்கச் சொல்ல வேண்டும். புரோகிராமில் இதற்குச் சில வரிகளே பிடிக்கும்.

மூட்டை இறக்கும்போது கடைக்காரர் என்ன செய்கிறார்? வண்டியில் வந்தது எத்தனை, கிடங்கில் அடுக்கியது எத்தனை என்று சரிபார்த்த பிறகே வண்டிக்காரரை அனுப்புகிறார். ஒரு மூட்டை குறைந்தால் விடுவாரா?

மூட்டைக்கே அந்தக் கவனம் என்றால், மனித உயிருக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!