தொண்ணூறு நாள் கணக்கு

பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஓடும் ரயிலின் வேகம், ஒழுகும் தொட்டியின் கொள்ளளவு, ஏழு ஆட்கள் மூன்று நாளில் வெட்டும் கிணறு எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் 2025-ம் வருஷம் மே மாதத்தில் என் தமக்கை கொண்டுவந்து போட்ட கணக்கைப் போல் ஒன்றை எந்தப் பாட புஸ்தகத்திலும் நான் கண்டதில்லை.

தமக்கையின் புதல்வி ஜெர்மனியில் குடித்தனம் நடத்துகிறாள். ஆகஸ்டு இரண்டாவது வாரத்தில் பிரசவம் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். தலைப் பிரசவம். தமக்கை முன்னமே ஒரு தடவை சென்று, மசக்கையில் வாடிய பெண்ணுக்கு ரசமும் துவையலும் செய்து போட்டுவிட்டு வந்திருந்தாள். மார்ச்சு 1-ந் தேதி இறங்கியவள், ஏப்ரல் 29-ந் தேதி திரும்பினாள். இரண்டாந் தடவையாக ஜூலை 1-ந் தேதி இறங்கி, செப்டம்பர் 28 வரை தங்குவதற்கு டிக்கட்டும் வாங்கியாகிவிட்டது. ஒவ்வொரு தடவை போகும்போதும் புதிதாகத் தொண்ணூறு நாள் உண்டு என்று டிக்கட் விற்ற ஏஜெண்டு உறுதி சொன்னாராம்.

"எதற்கும் நீ ஒரு தடவை பார்த்துவிடு, தம்பி" என்று பாஸ்போர்ட்டை நீட்டினாள்.

அதில் ஒட்டியிருந்தது ஷெங்கன் விசா. ஷெங்கன் என்பது லக்ஸம்பர்க் தேசத்தில் மொஸல் நதிக்கரையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள ஒரு சிற்றூர். 1985-ம் வருஷம் ஜூன் 14-ந் தேதி, அவ்வூரை ஒட்டி நதியில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து தேசத்துப் பிரதிநிதிகள் கூடி, தங்களுக்குள் எல்லைச் சாவடிகளைப் படிப்படியாக எடுத்துவிடுவதென்று கையெழுத்திட்டார்கள். இன்று அந்தக் கூட்டில் 29 தேசங்கள் இருக்கின்றன. ஒரு வாசலில் நுழைந்தவர் 29 வீடுகளிலும் நடமாடலாம். வாசலில் நுழைவதுதான் பாடு.

முதலில் கட்டணம். 2024-ம் வருஷம் ஜூன் 11-ந் தேதி முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. அதற்கு முன் 80 ஆக இருந்தது. ஆறு வயது நிரம்பிப் பன்னிரண்டு நிரம்பாத குழந்தைகளுக்குப் பாதி. ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. விண்ணப்பம் வாங்கும் கம்பெனிக்குத் தனியே கூலி. வைத்தியச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு இன்ஷ்யூரன்ஸும் வேண்டும். இவ்வளவும் நியாயமென்றே வைத்துக்கொள்வோம். விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பாது என்பதைத்தான் என் மனம் ஒப்புவதில்லை. எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தார் கணவன், மனைவி, ஒன்பது வயதுப் பெண், நாலு வயதுப் பையன் என்று நால்வராக விண்ணப்பித்தார்கள். அவர்கள் அணுகிய தூதரகம் இல்லை என்று சொல்லிவிட்டது. 225 யூரோ, அதாவது இருபதாயிரம் ரூபாய்க்கு மேல், கிணற்றில் போட்ட கல்.

அந்நிய மண்ணில் தங்குவதற்குக் காசு கேட்பது புதிதன்று. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் சர்க்கார் 1895-ல் ஒரு சட்டம் செய்தது. ஒப்பந்தக் காலம் தீர்ந்த இந்தியக் கூலியாள் ஊர் திரும்ப வேண்டும்; அல்லது மறுபடியும் ஒப்பந்தத்துக்கு உட்பட வேண்டும்; இரண்டும் இல்லையென்றால் வருஷந்தோறும் 3 பவுன் வரி கட்ட வேண்டும். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்து வயிறு கழுவியவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட தொகை! அவர்களில் தமிழர் ஏராளம். காந்திஜியின் சத்தியாக்கிரகத்துக்குப் பிறகு 1914-ல்தான் அவ்வரி ஒழிந்தது. அந்தப் போரில் சிறை சென்று, ஜுரத்தோடு வெளிவந்து, அதே வருஷம் பிப்ரவரியில் உயிர் நீத்தாள் தில்லையாடி வள்ளியம்மை. அதையும் இன்றைய விசாக் கட்டணத்தையும் ஒரே தராசில் நிறுப்பது தகாது. அது விரட்டுவதற்காக விதித்த வரி. இது வருகிறவனிடம் வாங்கும் கூலி. நம் சர்க்காரும்தான் அயல் நாட்டாரிடம் விசாவுக்குப் பணம் வாங்குகிறது.

கணக்குக்கு வருவோம். ஷெங்கன் விதி ஒரே வாக்கியம்: எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கலாகாது. ஏஜெண்டு 'எந்த' என்ற சொல்லை விழுங்கிவிட்டார். ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஒரு தவணை, பிறகு வேறு தவணை என்பதில்லை. அங்கே தங்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். அதற்குள் தங்கிய நாட்களைக் கூட்ட வேண்டும். வந்து இறங்கிய நாளும், புறப்பட்ட நாளும் தங்கிய நாட்களே.

தமக்கை மார்ச்சிலும் ஏப்ரலிலும் செலவழித்தது 60 நாள். ஜூலை 1-ந் தேதி இறங்கினால் பாக்கி 30. ஜூலை 30-ந் தேதி மூட்டை கட்ட வேண்டும். குழந்தை பிறப்பதோ ஆகஸ்டில்! விதியை மீறித் தங்கினால் அபராதம் விழலாம். சில காலம் உள்ளே வரக்கூடாதென்று தடையும் விதிக்கலாம். முத்திரையைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்களென்று நம்புவதற்கும் இனி இடமில்லை. 2025 அக்டோபர் 12 முதல் முகத்தையும் கைரேகையையும் பதிந்துகொண்டு யந்திரமே நாளை எண்ணும் ஏற்பாடு படிப்படியாக வந்துவிட்டது.

தமக்கையின் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. நான் பழைய காலண்டர் ஒன்றின் பின்புறத்தில் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தேன். இரவு பதினோரு மணிக்கு விஷயம் புலப்பட்டது.

மார்ச்சு 1-ந் தேதி என்றைக்கும் கணக்கில் நிற்பதில்லை. ஆகஸ்டு 28-ந் தேதி அது 180 நாள் வரம்புக்கு வெளியே உதிர்ந்துவிடுகிறது. மறுநாள் மார்ச்சு 2 உதிரும். இப்படியே அக்டோபர் 26-க்குள் அறுபது நாளும் உதிர்ந்துவிடும். ஆகவே, ஆகஸ்டு 27 வரையில் முப்பது நாளுக்கு மேல் ஆகாதபடி போய் இறங்கினால் போதும். அப்பால் ஒரு புது நாள் ஏறுகையில் ஒரு பழைய நாள் இறங்கிவிடும். அதாவது ஜூலை 28-ந் தேதி இறங்குகிறவளுக்கு 30 நாள். ஜூலை 29-ந் தேதி இறங்குகிறவளுக்கு முழுதாக 90 நாள்! இரண்டு தடவை எண்ணினேன். நம்பிக்கையில்லாமல், பத்தாவது படிக்கும் என் பையனை எழுப்பி எண்ணச் சொன்னேன். அவனுக்கும் அதே விடை வந்தது.

டிக்கட்டின் தேதியை மாற்றுவதற்கு ஆன பணம் விசாக் கட்டணத்தை விட அதிகம். ஏஜெண்டு தம் பிழைக்கு ஒரு காசும் குறைக்கவில்லை. தமக்கை ஆகஸ்டு 1-ந் தேதி இறங்கினாள். பேரன் 13-ந் தேதி பிறந்தான். அக்டோபர் 27-ந் தேதி புறப்படும்படி நான் ஏற்பாடு செய்திருந்தேன். விமானம் தாமதமானாலும் கையில் இரண்டு நாள் இருக்கட்டும் என்று நினைத்தேன். விமானம் குறித்த வேளைக்குக் கிளம்பிவிட்டது. பேரனோடு இன்னும் இரண்டு நாள் இருந்திருக்கலாமே, ஏன் விட்டாய் என்று தமக்கை இன்றுவரை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.