முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, பியூட்டி பார்லரில் 'கெமிக்கல் பீல்' செய்தார்கள். "முகம் பளிச்சுன்னு ஆயிடும்" என்றார்களே தவிர, தோல் உரியும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் நாள், வாயைச் சுற்றி வெங்காயச் சருகு மாதிரி உரிய ஆரம்பித்தது. பயந்துபோய் அவள் பிய்த்துப் பிய்த்து எடுக்க, அந்த இடமெல்லாம் கறுத்துவிட்டது. முகூர்த்தத்தன்று மேக்கப்பை அப்பித்தான் மறைத்தோம்.

பிறகுதான் தோல் டாக்டரிடம் போனோம். கிளைகாலிக் போன்ற அமிலத்தால் மேல்தோலை உரிப்பதுதான் சிகிச்சையே என்றார். லேசான பீலுக்கே சிவப்பும் உரிதலும் ஒரு வாரம் வரை இருக்குமாம். ஒரே தடவையில் பலன் தெரியாது. சில வார இடைவெளியில் பல முறை செய்ய வேண்டியிருக்கும். பிய்த்தாலோ, வெயில் பட்டாலோ நம்ம மாநிறத் தோல் சட்டென்று கறுத்துவிடும், மறைய மாதக்கணக்காகும் என்றார். ரெட்டினாய்டு க்ரீம் போடுகிறவர்கள் சில நாள் முன்பே நிறுத்த வேண்டுமாம். இவள் பருவுக்கு அதைத்தான் தினமும் தடவிக்கொண்டிருந்தாள். பார்லரில் யாரும் கேட்கவே இல்லை!

தலைக்கு டை அடிக்கவே, முதலில் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள். முகத்தில் அமிலம் வைப்பவர்கள் இதையெல்லாம் விசாரித்து, தமிழிலேயே எழுதிக் கொடுத்த பிறகு அல்லவா காசு வாங்க வேண்டும்?