அசையாத நிலமா?

காணியை நாம் ‘அசையாச் சொத்து’ என்கிறோம். உறுதியிலும் அவ்வாறே எழுதுகிறோம். ஆனால் பூமி அவ்வுறுதிக்குக் கட்டுப்பட்டதன்று.

பூமியின் மேலோடு பல தகடுகளாகப் பிளவுண்டு கிடக்கின்றது. அவற்றின் கீழே வெப்பத்தால் நெகிழ்ந்த பாறைப் படை உண்டு. அதன்மீது அத்தகடுகள் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர், அதாவது நமது விரல் நகம் வளரும் வேகத்தில், நகர்கின்றன.

சுமாத்திரா, யாவா தீவுகளின் ஓரமாக, இந்து சமுத்திரத்தைத் தாங்கும் தகடு அயல் தகட்டின் கீழ் அமிழ்கின்றது. அதனுடன் செல்லும் நீர், மேலுள்ள சூடான பாறையை எளிதில் உருகச் செய்கின்றது. உருகிய குழம்பு மேலெழுந்து எரிமலையாகின்றது. 1883 இல் வெடித்து 36,000 பேருக்கு மேல் பலிகொண்ட கிரக்கத்தோவா அவ்வாறு தோன்றியதே.

இலங்கை தகட்டின் விளிம்பில் இல்லை. ஆதலால் இங்கு எரிமலையும் இல்லை. ஆயினும் 2004 டிசம்பர் 26 இல் அவ்விளிம்பு சறுக்கியது. பொங்கிய கடல் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நமது கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கையில் மட்டும் 30,000 இற்கு மேற்பட்டோர் மாண்டனர்.

மாணவர்கள் இதனைப் பரீட்சைக்காக மட்டும் படித்தல் போதாது. கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால், வேடிக்கை பாராது மேட்டுநிலம் நோக்கி ஓடவேண்டும். இப்பாடத்தின் பயன் அதுவே.