ஒப்பாரிக்கு ஆடலாமா?

"இழவு வீட்டுப் பாட்டைக் கலியாண வீட்டில் போடுவதா?"

பெரியவர்கள் சிலர் இப்படிக் கேட்டார்கள். அதற்குக் காரணம் "எஞ்சாய் எஞ்சாமி" என்ற பாட்டு.

2021-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி யூடியூபில் அது வெளிவந்தது. சினிமாப் பாட்டு அல்ல. பாடியவர்கள் தீ, அறிவு என்ற இருவர். இசை சந்தோஷ் நாராயணன். இதுவரை 40 கோடி தடவைக்கு மேல் பார்த்து விட்டார்கள்!

அது ஒரு மாதிரியான பாட்டு. அதில் ஒப்பாரி உண்டு. வெளிநாட்டுத் தாளம் உண்டு. பறவை போலக் கூவுவதும் உண்டு. படமோ, விழித்துக்கொண்டே கனவு காண்பது போல் இருக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்கக் கேட்பானேன்? ஆடித் தீர்த்து விட்டார்கள்.

"கிராமியப் பாட்டைக் கெடுத்து விட்டார்கள்" என்பது இன்னொரு சாராரின் குறை.

இந்தக் குறைகள் சரியா?

திண்டுக்கல் சீமையில், பேரன் பேத்தி எடுத்து நிறைவாக வாழ்ந்த கிழவி போய் விட்டால், அது கலியாணச் சாவு. பறை முழங்கும். பேரன்கள் ஆடுவார்கள். பக்கத்திலேயே பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். அழுகையும் ஆட்டமும் ஒரே பந்தலில்தான்! பிள்ளைகள் ஆடியதில் தப்பு இல்லை.

ஒப்பாரி, ஏட்டில் எழுதி வைத்த பாட்டும் அல்ல. பாடுகிறவள் தன் துக்கத்தைச் சேர்த்து அப்போதைக்கு அப்போது கட்டுவது. அதைக் கெடுத்து விட்டார்கள் என்பதும் பொருந்தாது. (ஆர்மோனியம்கூட ஒரு காலத்தில் சீமைச் சரக்குதான்.)

ஆனால், அந்த அழுகை எதற்காக என்று ஆடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

பாட்டை எழுதிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டவர். அவர் சொன்ன கதைதான் பாட்டுக்கு வித்து.

வெள்ளையர் காலத்தில் மதுரை, திருச்சி, சேலம், ராமநாதபுரம் ஜில்லாக்களில் இருந்து ஏழைகள் கூட்டம் கூட்டமாகக் கண்டிச் சீமைக்குப் போனார்கள். திண்டுக்கல் அப்போது மதுரை ஜில்லாவில் இருந்தது. போனவர்கள் காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். முதலில் காப்பி. பிறகு தேயிலை. தோட்டம் துரையுடையது. உழைத்தவனுக்கு ஒரு லயத்து அறை.

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது! 1964 அக்டோபரில் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. "உங்களுக்கு எந்த நாடு வேண்டும்?" என்று அந்த ஏழைகளை முதலில் கேட்டவர் இல்லை.

இது எங்கோ நடந்த கதை அல்ல. திண்டுக்கல்லில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரிகிறது. தாயகம் திரும்பியவர்களில் பல குடும்பங்கள் அந்தக் கொடைக்கானல் மலைக்கு வந்தன. மரம் வெட்டினார்கள். வாட்டில் மரத்தின் பட்டையை உரித்தார்கள். அந்தப் பட்டை எதற்கு என்று, தோல் பதனிடும் ஊரான திண்டுக்கல்லுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொத்தடிமையாக அகப்பட்டவர்களும் அவர்களில் உண்டு.

பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற சர்ச்சையும் எழுந்தது. 2022 ஜூலை 28-ந் தேதி, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இந்தப் பாட்டு ஒலித்தது. மேடையில் அறிவு இல்லை. அதன் பிறகு அறிவு ஒன்று சொன்னார். சந்தோஷ் நாராயணன் வேறொன்று சொன்னார். நேயர்கள் இரண்டு கட்சி ஆனார்கள்.

பேரும் புகழும் உள்ளவர்களுக்கே இந்தப் பாடு! கொழுந்து பறித்துக்கொண்டே பாடிய கிழவிகளின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

கப்பலில் வந்து இறங்கியபோது வாலிபமாக இருந்தவர்களுக்கு இப்போது 70, 80 வயது ஆகிறது. அவர்கள் பாடினால் பேரப் பிள்ளைகள் பிடித்து வைக்கலாம். ஆட்டத்துக்குப் பாட்டுப் போடுகிற அதே செல்போனில் குரலைப் பதிவு செய்யவும் வசதி இருக்கிறது.