கயிறு திரிக்கும் கல்வியாளர்

பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் சீண்டுவதைத் தடுக்கச் சட்டமும் விதியும் எதற்கு, ஆசிரியர் கையில் பிரம்பிருந்தால் போதாதா என்று முழங்கியிருக்கும் ஓய்வுபெற்ற கல்வியாளர் ஒருவர், பள்ளி மாணவரிடையே சாதி வன்முறையைத் தடுப்பது குறித்து நீதியரசர் கே.சந்துரு குழு 2024 ஜூனில் தமிழக அரசிடம் அளித்த அறிக்கையை ஒரே மூச்சில் தூக்கிக் கடாசியிருக்கிறார். அந்தக் குழு ஏன் அமைக்கப்பட்டது என்பதை மட்டும் அவர் கட்டுரையில் எங்கு தேடியும் காணோம். நாங்குநேரி என்று எழுதக் கை கூசியதா, அல்லது எழுதிவிட்டால் மிச்சக் கட்டுரை நகராது என்ற முன்ஜாக்கிரதையா?

சீண்டலில்தான் பிள்ளைகள் உரமேறுகிறார்கள் என்பது அவரது முதல் சித்தாந்தம். அவர் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தார்களாம். எல்லோரும் என்றால் யார்? பாதியில் படிப்பை விட்டு ஓடியவன் பழைய மாணவர் சங்க விருந்துக்கு வந்து தன் தரப்பைச் சொல்லப் போவதில்லை. விருந்துக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஊரே வந்தது என்று எழுதுவதற்குப் பெயர் அனுபவமா?

அடுத்தது, ஆசிரியரிடம் சொன்னால் தீர்ந்துவிடும் என்கிற வாதம். நாங்குநேரியில் அதுதான் நடந்தது, ஐயா! சக மாணவர்களின் சாதித் தொல்லை தாளாமல் பள்ளிக்கு வருவதையே நிறுத்தியிருந்த பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலின மாணவன், பள்ளி விசாரித்தபோது வாய் திறந்தான். 2023 ஆகஸ்ட் 9 இரவு அரிவாள் அவன் வீடு தேடி வந்தது. தடுக்கப் பாய்ந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. புகார் சொன்னவனுக்கு அன்று மாலையிலிருந்து யார் பொறுப்பு, சுட்டப்பட்டவர்களை எப்படிக் கையாள்வது, எந்த நேரத்தில் எவருக்குத் தகவல் போக வேண்டும் என்பதெல்லாம் தலைமையாசிரியரின் நல்ல மனத்துக்கு விடப்பட்டிருந்தால் விளைவு இதுதான். பெருந்தன்மை இல்லாத நாளிலும் வேலை செய்வதற்குத்தானே விதி என்ற ஒன்றை மனிதர்கள் எழுதி வைக்கிறார்கள்?

சட்டம் குழந்தைகளைக் குற்றவாளிகளாக்கும் என்று மூன்றாவது பத்தியில் கண்ணீர் உகுப்பவர், ஏழாவது பத்தியில் பிரம்பைத் திரும்பக் கேட்கிறார். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தடைசெய்த அடி இவருக்கு அன்பு. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, உதவித்தொகை வாங்குபவனை வகுப்பில் எழுப்பி அடையாளம் காட்டாதே என்னும் பரிந்துரைகள் கொடுமை! இவற்றில் எந்த வரி எந்தப் பிள்ளையைச் சிறைக்கு அனுப்புகிறது? ராகிங்குக்கு இரண்டாண்டு வரை சிறை என்று தமிழகம் 1997-ல் சட்டம் போட்டது உண்மைதான். முந்தைய ஆண்டு ஒரு மருத்துவ மாணவன் சிதம்பரத்தில் கொல்லப்பட்ட பிறகு போட்டது. அதுவரை கல்லூரிகள் தாமே திருந்தும் என்று உபதேசித்தவர்களும் இவரைப் போன்ற பெரியவர்கள்தாம்.

சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக் கூடாது என்ற பரிந்துரைக்குத்தான் இவர் அதிக மை செலவழித்திருக்கிறார். கைக்கயிறு பக்தியாம். சாமி ஒன்றாயிருக்க, தெருவுக்குத் தெரு நிறம் மாறும் இந்தப் பக்தியை எந்த ஆகமம் அருளியது? 2019-ல் இதே கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக்கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பியபோதும் இதே கூக்குரல்தான் எழுந்தது. அமைச்சரே தமக்குத் தெரியாமல் போனது என்று கைகழுவினார். நெற்றித் திலகத்தையும் அந்தத் தடையில் சேர்த்தது குழு தேவையின்றி எதிராளிக்குக் கொடுத்த பிடி என்றே நானும் நினைக்கிறேன். அந்தப் பிடியைப் பற்றிக்கொண்டு இவர் எதைத் தாண்டிக் குதிக்கிறார் என்று பாருங்கள்: ஒரு வட்டாரத்தின் ஆதிக்கச் சாதியினர் அங்கே தலைமையாசிரியராகவோ கல்வி அலுவலராகவோ இருக்கலாகாது என்ற பரிந்துரை! அதற்கு இவர் ஒதுக்கியது ஒரே வரி, அதுவும் அடைப்புக்குறிக்குள். எந்த நாற்காலி ஆடுகிறது என்பது வாசகருக்குப் புரியாதா என்ன?

சட்டத்துக்கு மாற்றாக, பள்ளிகளில் அறநெறி வகுப்பு வையுங்கள் என்று ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவர்போல் முடிக்கிறார். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அதற்கென வாரம் ஒரு பாடவேளை வேண்டும் என்று அவர் கடாசிய அறிக்கையே கேட்டிருக்கிறது. வைத்தால் இவருக்கும் ஓரிடம் கொடுக்கலாம். ஆனால் அகரவரிசைப்படிதான் உட்கார வேண்டும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.